ஊருக்கு ஊர் எடை மாறும் காரீயம்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் சுடரேற்றப்படும் கொப்பரை செம்பால் ஆனது. தனிம அட்டவணை செம்பின் அணு எடையை 63.546 எனக் குறித்தாலும், அந்த எடையுள்ள அணு ஒன்றுகூட அக்கொப்பரையில் கிடையாது. செம்பு அணு ஒவ்வொன்றின் கருவிலும் 29 புரோட்டான்கள் இருக்க, நியூட்ரான்கள் சிலவற்றில் 34, சிலவற்றில் 36 என வேறுபடுவதால், நூற்றுக்கு ஏறத்தாழ 69 அணுக்கள் 63 என்னும் நிறை எண்ணையும் எஞ்சியவை 65 என்பதையும் பெறுகின்றன. ஒரே தனிமத்தின் இத்தகைய வகைகளே ஐசோடோப்புகள். அட்டவணையில் உள்ளது, பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தின் சராசரி வயதைப் போன்றதொரு கணக்கு.

செம்பில் இச்சராசரி எங்கும் ஏறக்குறைய ஒன்றே. காரீயத்தில் அப்படியன்று. அதன் நிலையான ஐசோடோப்புகள் 204, 206, 207, 208 என நான்கு; இவற்றுள் 204 பூமி தோன்றியபோது இருந்த அளவிலேயே நிற்க, யுரேனியம் 238 சிதைந்து 206 ஆகவும், யுரேனியம் 235 சிதைந்து 207 ஆகவும், தோரியம் 232 சிதைந்து 208 ஆகவும் முடிவதால் மற்ற மூன்றும் பெருகிக்கொண்டே வந்துள்ளன. ஆகவே தாது எந்தப் பாறைச் சூழலில், எக்காலத்தில் உருவாயிற்று என்பது அதன் காரீயத்தின் எடையிலேயே பதிந்துவிடுகிறது. இதை மெய்ப்பித்த தொடக்கச் சான்றுகளுள் ஒன்று இலங்கையில் கிடைத்தது: அங்கு எடுக்கப்பட்ட தோரைட்டு என்னும் தோரியக் கனிமத்திலிருந்து பிரித்த காரீயம், வழக்கமான 207.2ஐவிடக் கனமானது என்று 1914இல் பிரெடரிக் சாடி காட்டினார். பின்னர் ஹோனிக்‌ஷ்மிட் செய்த நுட்பமான அளவீடு 207.77 எனத் தந்தது.

கோயில் நகரங்களில் வாழ்வோர்க்கு இது தொலைவான செய்தியன்று. உருகிய வெண்கலம் அச்சின் நுண்ணிய இடங்களிலும் எளிதாகப் பாய்வதற்குத் தென்னிந்திய வார்ப்புகளில் காரீயமும் சேர்க்கப்பட்டது. உருக்கினாலும் வார்த்தாலும் அதன் ஐசோடோப்பு விகிதம் மாறுவதில்லை. 1990களில் சாரதா சீனிவாசன் தென்னிந்தியத் திருமேனிகளின் சிறு துகள்களை ஆராய்ந்து, இவ்விகிதங்களைக் கொண்டு அவற்றைக் காலவாரியாக வகைப்படுத்த முயன்றார். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் பழைய புகைப்படங்கள் களவுபோன திருமேனிகளை மீட்கத் துணைநின்றுள்ளன என்பது உண்மையே. ஆயினும் புகைப்படம் வடிவத்தைத்தான் காட்டும், திறமையான போலி அவ்வடிவத்தையும் பெற்றுவிடும் என்பதால், ஊசிமுனைத் துகளின் அளவீடும் கோயில் சொத்துப் பதிவேட்டில் இடம்பெறுவதே முறை. அதுவும் முழுமையான சாட்சியன்று, ஏனெனில் ஒரே தாதுவின் காரீயம் பல பட்டறைகளுக்குச் சென்றிருக்கக்கூடும். இதைவிட வருந்தத்தக்கது, ஓட்டை விழுந்த பழைய விளக்கும் விரிசல் கண்ட மணியும் எடைக்குப் போடப்பட்டு, வேறெங்கிருந்தோ வந்த உலோகத்தோடு ஒரே மூசையில் உருக்கப்படுவது. அவ்வாறு கலந்த இரு தாதுக்களின் காரீயத்தை எத்துணை நுட்பமான கருவி கொண்டும் மீண்டும் தனித்தனியே பிரித்தறிய இயலாது.