குடிநீர் வாரியத்துக்கு மார்க் போடுவது எப்படி?

பெங்களூர்க் குழாயில் வரும் காவிரி ஒரு மலை ஏறி வருகிறது என்றே சொல்லலாம். சுமார் 100 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்று மூன்று கட்டமாக பம்பு வைத்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் தூக்குகிறார்கள். மும்பைக்கோ மோடக் சாகர், தான்சா ஏரித் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே இறங்கி வந்துவிடுகிறது.

ஆயிரம் லிட்டரை 500 மீட்டர் தூக்க, பம்பில் துளி நஷ்டம் இல்லாவிட்டாலும் 1.36 யூனிட் மின்சாரம் வேண்டும். ஆகவே 'ஆயிரம் லிட்டருக்கு என்ன செலவு?' என்று மட்டும் கேட்டு, பெங்களூர் நிர்வாகம் மோசம் என்று தீர்ப்புச் சொன்னால் அது நியாயமா? பூகோளத்தின் பழியை அதிகாரி தலையில் போட்டதாகிவிடும்.

இங்கேதான் புள்ளியியல் கைகொடுக்கிறது. பல ஊர்களின் செலவு, விநியோகித்த நீர், இணைப்புகள், குழாயின் நீளம், தூக்கும் உயரம் எல்லாவற்றையும் சேர்த்து, 'இந்தச் சூழ்நிலையில் குறைந்தபட்சம் எவ்வளவு செலவில் முடிக்கலாம்?' என்று ஒரு எல்லைக்கோடு போடுகிறார்கள். ஓர் ஊர் அந்தக் கோட்டுக்கு மேலே எவ்வளவு நிற்கிறது என்பதை இரண்டாகப் பிரிப்பார்கள். வறட்சி, அளவுப் பிழை போன்ற தற்செயல் ஒன்று. உண்மையான திறமைக்குறைவு இன்னொன்று. ஐக்னர், லவல், ஷ்மிட் ஆகியோர் 1977-இல் வெளியிட்ட முறை இது. இங்கிலாந்தில் தண்ணீர்க் கட்டணத்துக்கு வரம்பு கட்டும் ஆஃப்வாட் அமைப்பும் கம்பெனிகளின் செலவைப் புள்ளியியல் மாதிரிகளால் ஒப்பிடுகிறது.

ஆனா ஒரு சிக்கல். எதை 'விளைச்சல்' என்று எண்ணுவது? குழாயில் விட்ட தண்ணீரை எண்ணினால், வழியெல்லாம் ஒழுகும் ஊருக்கும் நல்ல மார்க் கிடைக்கும். வீடு சேர்ந்ததை எண்ண மீட்டர் வேண்டும். மீட்டர் இல்லாத ஊரில் அதிகாரியின் உத்தேசமே புள்ளிவிவரமாகிவிடும். மத்திய அரசின் 2008-ஆம் ஆண்டுக் கையேடு 24 மணி நேர விநியோகம், தலைக்கு 135 லிட்டர், வருவாய் தராத நீர் 20 சதவீதம் என்று இலக்கு வைத்தது. நேரத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் ஊர் 'சிக்கன' ஊர் ஆகிவிடும்! அங்கே குடத்தோடு காத்திருக்கும் பெண்களின் நேரமும், டேங்கர் லாரிக்குக் கொடுக்கும் காசும் மாநகராட்சிக் கணக்கில் வராதே.

அடுத்தமுறை பத்திரிகையில் ஊர்களின் தரவரிசை வந்தால் மூன்றே கேள்வி கேளுங்கள்: உயரத்தைச் சேர்த்தார்களா? ஒழுகலைக் கழித்தார்களா? காத்திருப்பை எண்ணினார்களா?