இணைப்பு தெரியாத கண்ணாடி

சிகாகோவுக்குப் போய்வந்தவர்களிடம் மில்லேனியம் பூங்காவைப் பற்றிக் கேட்டால் பதில் இரண்டாகப் பிரியும். அங்கே நிற்கும் பிரம்மாண்டமான பளபளப்புச் சிற்பத்தின் முன்னால் மெய்மறந்து போனதாகச் சிலர் சொல்வார்கள். பெரிய கண்ணாடி ஒன்று, அதைச் சுற்றிச் செல்ஃபிக் கூட்டம், நிற்க நிழல் கிடையாது, வாசலில் பைச் சோதனை, பத்து நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டோம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது தரப்பினர் ஒன்றைக் கவனிக்காமல் திரும்பிவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே நூற்றுக்கணக்கான நாட்கள் செய்யப்பட்ட வேலை அது. தெரிந்துகொண்டு போனால்தான் அது தெரியும்.

சிற்பத்தின் பெயர் 'கிளவுட் கேட்'. ஊர்க்காரர்கள் அதன் வடிவத்தைப் பார்த்து 'பீன்' என்கிறார்கள். செய்தவர் அனிஷ் கபூர். 1954-இல் மும்பையில் பிறந்து லண்டனில் வாழும் சிற்பி. அவர் மனத்தில் இருந்தது பாதரசத் துளி. மேசையில் சிந்திய பாதரசம் தன்னைத் தானே உருட்டிக்கொண்டு, சுற்றியிருப்பதையெல்லாம் தன் மேல் வாங்கிக்கொண்டு நிற்குமே, அந்தத் தோற்றத்தை 20 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்க நினைத்தார். எடை ஏறக்குறைய 100 டன். பாதரசத் துளியில் ஒட்டு இருக்காது. எனவே இந்தச் சிற்பத்திலும் ஒட்டு தெரியக்கூடாது. அந்த ஒரு நிபந்தனைதான் வேலை முழுவதையும் கடினமாக்கியது.

அது நிற்கும் இடத்தை முதலில் சொல்ல வேண்டும். மில்லேனியம் பூங்கா தரைமேல் இருப்பதாகத்தான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது ஒரு மொட்டைமாடி. நகரத்தின் நட்டநடுவே ரயில் யார்டும் கார் நிறுத்தமுமாகக் கிடந்த இடத்தின் மேல் தளம் போட்டு, மண் நிரப்பி, 24.5 ஏக்கர் பூங்காவாக்கினார்கள். புத்தாயிரம் பிறக்கும்போது திறப்பதாகத் திட்டம்; திறந்தது 2004 ஜூலையில். 15 கோடி டாலரில் முடியும் என்றார்கள். 47 கோடி டாலரையும் தாண்டியது. சிற்பத்துக்குக் கீழே ஓர் உணவகம், கார் நிறுத்தம், மெட்ரா புறநகர் ரயில் தண்டவாளங்கள். அதனால் 100 டன்னை நினைத்த இடத்தில் இறக்கி வைத்துவிட முடியாது. தண்டவாளத்தையும் கார் நிறுத்தத்தையும் பிரிக்கும் சுவர்தான் பாரத்தில் பெரும்பகுதியைத் தாங்குகிறது.

இனி உலோகம். சிற்பம் எவர்சில்வரால் ஆனது. எந்த எவர்சில்வர் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரும்போடு குரோமியம் கலந்தால், அந்தக் குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் மிக மெல்லிய படலமாகப் படியும். சில நானோமீட்டர் தடிப்புதான், கண்ணுக்குத் தெரியாது. துருவைத் தடுப்பது அந்தப் படலமே. கீறினாலும் சாணை பிடித்தாலும் புதிய பரப்பில் உடனே மறுபடி உண்டாகும். ஆனால் சிகாகோவில் பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்புக் கொட்டுவார்கள். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை ஊசிக்குத்துப் போலத் துளைக்கும். அதைத் தாங்குவதற்காக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்த்த 316எல் என்ற வகையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பெயரின் கடைசியிலுள்ள 'எல்' எழுத்து கார்பன் குறைவு என்பதைக் காட்டுகிறது. வெல்டிங் சூட்டில் கார்பன் அக்கம்பக்கத்திலுள்ள குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோமியம் பறிபோன இடத்தில் பாதுகாப்புப் படலம் சரியாக உருவாகாது; வெல்டிங் கோட்டை ஒட்டியே துரு ஏறும். கார்பனை 0.03 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. கோடே தெரியக்கூடாத ஒரு சிற்பத்தில், சில வருடம் கழித்துத் துருவே கோடு போட்டுக் காட்டினால் எல்லாம் வீண் அல்லவா?

மொத்தம் 168 தகடுகள். ஒவ்வொன்றும் 10 மில்லிமீட்டர் தடிப்பு, எடை அரை டன்னிலிருந்து ஒரு டன் வரை. கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டில் உள்ள பெர்ஃபார்மன்ஸ் ஸ்ட்ரக்சர்ஸ் என்ற நிறுவனம் அவற்றை உருவாக்கியது. முழுச் சிற்பத்தையும் அங்கேயே செய்து கப்பலேற்றி, பனாமா கால்வாய் வழியாகக் கொண்டுவரும் யோசனையும் இருந்தது. ஆபத்து அதிகம் என்று கைவிட்டார்கள். கம்ப்யூட்டரில் முப்பரிமாண வரைவை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய வளைவுக்குக் கொண்டுவந்தார்கள். எந்த இரண்டு தகடும் ஒரே வளைவில் இருக்க வேண்டிய அவசியம் இல்லாத உருவம் இது. ஆகவே ஓர் அச்சைச் செய்து அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் வழி இல்லை. மூன்றில் ஒரு பங்குத் தகடுகளைப் பட்டறையிலேயே கோத்துப் பொருத்தம் பார்த்தார்கள். பிறகு ஏறக்குறைய முழுப் பளபளப்பும் ஏற்றி, மேலே பாதுகாப்புத் தாள் ஒட்டி லாரிகளில் சிகாகோவுக்கு அனுப்பினார்கள்.

பூங்காவில் கூடாரம் போட்டு, அதற்குள் பொருத்தும் வேலை நடந்தது. சாதாரண வெல்டிங்கில் சூடு அகலமாகப் பரவும்; ஆறும்போது உலோகம் சுருங்கித் தகடு நெளியும். அதைத் தவிர்க்கச் 'சாவித்துளை' எனப்படும் முறையைக் கையாண்டார்கள். ஒடுங்கிய, மிகச் சூடான பிளாஸ்மா தகட்டை மறுபக்கம் வரை துளைத்தபடி முன்னே போகும். உருகிய உலோகம் பின்னாலேயே வந்து துளையை மூடிக்கொள்ளும். ஒரே ஓட்டத்தில் முழுத் தடிப்பும் இணைந்துவிடும். தகடுகள் அவ்வளவு கச்சிதமாக வந்திருந்ததால் அங்கே வெட்டவோ இட்டு நிரப்பவோ தேவைப்படவில்லை.

ஆனாலும் கோடு தெரிந்தது. 2004 ஜூலையில் பூங்கா திறந்தபோது சிற்பம் முடிந்திருக்கவில்லை. மேலெல்லாம் வெல்டிங் தழும்புகளோடுதான் மக்கள் அதை முதலில் பார்த்தார்கள். கபூருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. மக்களுக்கோ அந்த நிலையிலேயே பிடித்துப்போனது. கூடாரத்தைத் திரும்பப் போடுவதைச் சில மாதங்கள் தள்ளிவைத்தார்கள்.

இத்தனை நுணுக்கமான வெல்டிங்கிலும் ஏன் கோடு தெரிய வேண்டும்? கதவுக்கும் கப்பலுக்கும் இப்படி ஒரு கோடு பிரச்சினையே இல்லை. கண்ணாடிக்குப் பிரச்சினை. கண்ணாடி ஒரு கோணம் சாய்ந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி அதைப்போல இரண்டு மடங்கு கோணம் திரும்பும். இணைப்புக்கு இருபுறமும் தகடுகள் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு மாறி நின்றாலே போதும், 300 மீட்டர் தொலைவிலுள்ள கட்டடத்தின் பிம்பம் அந்த இடத்தில் ஒரு மீட்டர் அளவு இடறும். பூங்காவை ஒட்டிய மிச்சிகன் அவென்யூ சாலையின் நெட்டுக்குத்தான கட்டடங்கள்தான் இந்தச் சிற்பத்தில் விழும் பிம்பம். அந்த நேர்கோடு உடைந்தால் எந்தக் கண்ணும் உடனே பிடித்துவிடும். தடவிப் பார்த்தால் கைக்குத் தெரியாத குறையும் பார்வைக்குத் தெரியும்.

எனவே 2005 ஜனவரியில் மறுபடி கூடாரம் ஏறியது. இரும்புத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த 24 பேர் சுமார் 740 மீட்டர் நீளமுள்ள வெல்டிங் கோடுகளைக் கையாலேயே அழிக்க ஆரம்பித்தார்கள். முதலில் கிரைண்டரில் 40-ஆம் நம்பர் உப்புத்தாள். இது வெல்டிங் மேட்டைச் சீவி எடுக்கும், ஆனால் தன் பங்குக்கு ஆழமான கீறல்களை விட்டுப் போகும். அந்தக் கீறலை எடுக்க 80, 100, 120 நம்பர். அவை விட்ட கீறலை எடுக்க 240, 400. பிறகு 600, 800. ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் தடயத்தைத் துடைக்கும் வேலைதான். கடைசியில், நகைப் பட்டறையில் தங்கத்தை மெருகேற்றப் பயன்படும் ரூஜ் என்ற செந்நிறப் பொடியை வைத்துப் பஃப்பிங் சக்கரம். பரப்பிலுள்ள மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிட, அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கைவிட மிகச் சிறியதாக ஆகும்போதுதான் உலோகம் கண்ணாடியாகிறது.

இதில் பெரிய சோதனை தேய்ப்பது மட்டும் இல்லை, எங்கே நிறுத்துவது என்பதும். ஓரிடத்தில் கூடுதலாகத் தேய்த்தால் குழி விழும். குழி விழுந்தால் பிம்பம் அங்கே சுழிக்கும். கோட்டை மட்டும் தேய்க்க முடியாது. சுற்றுப்புறத்தையும் சேர்த்து, வளைவு கெடாமல், சீராகக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். வடிவத்தைக் கணக்குப் போட்டது கம்ப்யூட்டர். அந்த வடிவத்தைக் கடைசியில் காப்பாற்றியது தொழிலாளியின் கண்ணும் கையும். 2005 ஆகஸ்டில் கூடாரத்தைப் பிரித்தார்கள். 2006 மே 15-இல் சிற்பம் முறைப்படி நகரத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டது. செலவு 2.3 கோடி டாலர். முதலில் போட்ட 60 லட்சம் மதிப்பீட்டைப் போல நாலு மடங்கு. முழுவதும் தனியார் நன்கொடை.

உள்ளே என்ன இருக்கிறது என்று பலரும் கேட்பார்கள். இரண்டு பெரிய எஃகு வளையங்களும் அவற்றோடு பிணைந்த சட்டங்களும் இருக்கின்றன. சிகாகோவில் குளிர் காலத்தில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியசுக்குக் கீழும் போகும். கோடையில் 35-ஐத் தாண்டும், வெயில் படும் உலோகம் அதற்கும் மேலே. 60 டிகிரி வித்தியாசத்தில் 20 மீட்டர் எவர்சில்வர் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நீளும். அதை இறுக்கிக் கட்டினால் தகடு எங்காவது புடைக்கும், அல்லது விரிசல் விடும். அதனால் வளையங்கள் ஒன்றையொன்று சாராமல் நகரவும், மேல்தோல் வளையங்களைச் சாராமல் நகரவும் இடம் விட்டிருக்கிறார்கள். லண்டனைச் சேர்ந்த பொறியாளர் கிறிஸ் ஹார்ன்ஸீ-ஜோன்ஸ் வகுத்த அமைப்பு அது. எந்தவொரு புள்ளியிலும் பாரம் குவியாதபடி பகிர்ந்து தாங்குவதால் வெளியே ஒடுக்கு விழவில்லை.

பார்வையாளர்கள் பெரும்பாலோர் வெளிப்புறத்தோடு நின்றுவிடுகிறார்கள். நடுவில் 3.7 மீட்டர் உயரமுள்ள வளைவு இருக்கிறது. அதன் வழியாக அடிப்பகுதிக்குள் நுழைய வேண்டும். எவர்சில்வர் கரண்டியின் முதுகில் முகம் சிறுத்து நேராகவும், குழியில் தலைகீழாகவும் தெரியும். சிற்பத்தின் வெளிப்பக்கம் அந்த முதுகு. வானத்தையும் நகரத்தையும் சுருக்கி நேராகக் காட்டுகிறது. அடிப்பக்கம் குழி. அங்கே வளைவு தரையிலிருந்து 8 மீட்டருக்கு மேல் உள்நோக்கி ஏறிப் போகிறது. ஒளி ஒரு சுவரில் பட்டு அடுத்த சுவருக்குப் போய்ப் பிறகு கண்ணுக்கு வருவதால் ஒரே ஆள் நாலைந்து இடத்தில் தெரிவார். ஓரிடத்தில் இழுபட்டு, இன்னோரிடத்தில் தலைகீழாக. இரண்டடி நகர்ந்தால் ஒரு பிம்பம் இரண்டாகப் பிரியும், அல்லது இரண்டு சேர்ந்து ஒன்றாகும். குழந்தைகள் இதைச் சொல்லிக் கொடுக்காமலே கண்டுபிடித்து மல்லாந்து படுத்துவிடுகிறார்கள். அவசரமாகப் படம் எடுத்துவிட்டுப் போகும் பெரியவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான்.

குறை சொல்பவர்களின் பக்கமும் நியாயம் உண்டு. கண்ணாடி எதிரே இருப்பதைத்தான் காட்டும். நண்பகலில் எதிரே இருப்பது கூட்டம். சிற்பத்தைச் சுற்றியுள்ள சதுக்கத்தில் மரம் கிடையாது. 2022 மே மாதம் சிற்பத்தின் அருகே 16 வயதுப் பையன் ஒருவன் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, வார இறுதி மாலைகளில் பெரியவர் துணையில்லாத சிறார்களுக்குத் தடை வந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து 2024 ஜூன் வரை சதுக்கம் வேலியடைத்துக் கிடந்தது. அத்தனை தொலைவு வந்து வேலிக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தவர்களின் ஏமாற்றத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அங்கே நடந்தது தளக்கற்களை மாற்றி நீர்க்கசிவைத் தடுக்கும் பராமரிப்பு. மொட்டைமாடியில் பூங்கா வைத்தால் அதைச் செய்யாமல் தீராது.

நம்மவர்கள் அங்கே போக இன்னொரு காரணமும் உண்டு. பூங்காவை ஒட்டித் தெற்கே இருக்கும் ஆர்ட் இன்ஸ்டிடியூட் கட்டடத்தில்தான் 1893-இல் சர்வ சமய மாநாடு கூடியது; சுவாமி விவேகானந்தர் பேசியது அங்கேதான். அவரை அந்தப் பயணத்துக்கு அனுப்பிவைத்ததில் சென்னையின் அளசிங்கப் பெருமாளுக்கும் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதிக்கும் பெரும் பங்கு உண்டு. பூங்காவிலிருந்து ஒரு நடைபாலம் நேராக அந்த அருங்காட்சியகத்துக்குப் போகிறது.

சிற்பத்தில் ஆள் தொடும் உயரமான கீழ் ஆறடியைத் தினம் இரண்டு வேளை துடைக்கிறார்கள்; காலையில் துடைத்த கையோடு போனால் கைரேகை இல்லாத பரப்பைப் பார்க்கலாம். 2019 ஜூலையில் சிலர் அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டார்கள், அதையும் துடைத்தெடுத்தார்கள்.

2023-இல் நியூயார்க்கின் டிரைபெக்கா பகுதியில், லெனார்ட் தெரு 56-ஆம் எண் அடுக்குமாடியின் அடியில், கபூரின் இன்னொரு 'பீன்' முடிந்தது. அளவில் சிறியது. கட்டடம் அமுக்கி உட்கார்ந்தது போலப் பிதுங்கி நிற்கிறது. அங்கே தகடுகளை வெல்டிங் செய்து தேய்த்து மறைக்கவில்லை. ஒன்றோடொன்று நெருக்கிச் சேர்த்திருக்கிறார்கள். பக்கத்தில் போனால் மயிரிழைக் கோடுகள் தெரியும், பிம்பம் அந்தக் கோடுகளில் லேசாக வெட்டுப்படும். சிகாகோவில் 740 மீட்டர் நீளத்துக்கு அதே கோடுகள் இருந்தன.