குழம்பு ஊற்றாத சோறு... காவல் நாய்க்கு நம் வீட்டிலிருந்து எதைக் கொடுக்கலாம்?

நெற்குப்பையிலிருந்து வாசகி ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

'எங்களிடம் 14 ஆடுகள் இருக்கின்றன. பட்டிக்குக் காவலாக ஆறு வருஷமாக ஒரு நாட்டு நாய் இருந்தது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மிஞ்சிய புளிக்குழம்பைச் சோற்றில் ஊற்றி இரண்டு நாளாக அதற்கு வைத்தோம். குழம்பில் பாதிக்குப் பாதி சின்ன வெங்காயம். நாலாம் நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. மூத்திரம் காப்பித்தண்ணி நிறத்தில் போனது. ஈறு வெளுத்துவிட்டது. டாக்டர், "ரத்தம் உடைந்திருக்கிறது, வெங்காயம் ஏதும் தின்றதா?" என்று கேட்டார். ஆறாம் நாள் செத்துவிட்டது. இப்போது ஒரு குட்டி வாங்கியிருக்கிறோம். கடைத் தீவனம் வாங்க வசதி இல்லை. நம் வீட்டுச் சாப்பாட்டில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?'

போனில் பேசியபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "காலங்காலமா குழம்புச் சோறுதானே போடுறோம் தம்பி? அப்பல்லாம் சாகாத நாய் இப்ப எப்படிச் சாகும்?"

நியாயமான கேள்விதான். அளவில்தான் விஷயம் இருக்கிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சத்துகள் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. நாய் தன் எடையில் 0.5 சதவிகிதத்துக்கு மேல் வெங்காயம் தின்றால் பாதிப்பு தொடங்கலாம். 15 கிலோ நாட்டு நாய்க்கு அது 75 கிராம், அதாவது இரண்டு கைப்பிடிச் சின்ன வெங்காயம். அன்றாடம் சட்டியில் ஒட்டிய குழம்பை வழித்துப் போட்டால் அந்த அளவு வருவதில்லை, நாயும் தப்பித்துவிடுகிறது. செட்டிநாட்டுக் கல்யாணச் சமையல் வேறு. அங்கே வெங்காயத்தையும் பூண்டையும் கணக்குப் பார்த்துப் போடுவதில்லை. அண்டா மிஞ்சி, அதை இரண்டு நாள் தொடர்ந்து வைத்தால் அளவு எகிறிவிடும். வேகவைத்தாலும் வதக்கினாலும் காயவைத்துப் பொடித்தாலும் விஷத்தன்மை போகாது. பூண்டு, எடைக்கு எடை வெங்காயத்தைவிடக் கடுமையானது.

இதில் மோசமான சங்கதி, தின்ற அன்று ஒன்றும் தெரியாது என்பதுதான். மூன்று, நான்கு நாள் கழித்துத்தான் சோர்வும் வெளிறிய ஈறும் கறுத்த மூத்திரமும் தெரியவரும். அதற்குள் என்ன போட்டோம் என்பதே மறந்திருக்கும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆட்டுப் பட்டியில் கிடக்கும் நாய்க்கு உண்ணியால் வரும் ரத்தக் காய்ச்சலிலும் இதே அறிகுறிகள்தான். அதற்கு வைத்தியம் வேறு. அதனால் வீட்டிலேயே 'வெங்காயம்தான்' என்று முடிவு கட்டாமல் மருத்துவரிடம் கொண்டுபோய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

புளியைப் பற்றியும் ஒரு புதுச் செய்தி இருக்கிறது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பல வருடங்களாகத் தெரியும். காரணம்தான் தெரியாமல் இருந்தது. அதில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கும் என்று அமெரிக்க விலங்கு நஞ்சுக் கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவர்கள் 2021-ல் தெரிவித்தார்கள். அடுத்த வருடம் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்றில், புளியைத் தின்ற நாய்களுக்கும் அதேபோல் சிறுநீரகம் பழுதான விவரம் வந்தது. டார்டாரிக் அமிலம் மிக அதிகமாக உள்ள பழங்களில் ஒன்று நம் புளி. எவ்வளவு தின்றால் ஆபத்து என்று இன்னும் வரையறுக்கப்படவில்லை. ரசம் சிந்திய சோற்றுக்காக யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் வற்றக்குழம்பு, புளியோதரை, புளி உருண்டை இவற்றை நாய் இருக்கும் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சையும் அப்படித்தான். திராட்சை தின்று வாந்தி எடுத்த நாய் அடுத்த ஓரிரு நாளில் மூத்திரம் போவது குறைந்தால் காப்பாற்றுவது கடினம்.

சரி, எதைத்தான் கொடுப்பது? முதலில் சோறு. 'நாய்க்குக் கறிதான் உணவு, சோறு சேராது' என்று இப்போது பலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாய்க்கு 2 பிரதிகள்தான் இருக்கின்றன, நாய்க்கு 4 முதல் 30 வரை இருக்கின்றன என்று கண்டார்கள். மனிதனோடு வாழ்ந்து, அவன் போட்ட சோற்றைத் தின்று வந்த மாற்றம் அது. நம் பக்கம் கன்னி, சிப்பிப்பாறை நாய்களைக் கஞ்சியும் கூழும் ஊற்றித்தான் வளர்த்தார்கள்.

ஆனால் வெறும் கூழ் மட்டும் போதாது, குறிப்பாகக் குட்டிக்கு. புரதம் வேண்டும். 15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 850 கலோரி தேவை என்று வைத்துக்கொண்டால், 400 கிராம் வெந்த சோறு, எலும்பில்லாத கோழிக்கறி 100 கிராம், வேகவைத்த முட்டை இரண்டு என்று கணக்கு நெருங்கி வருகிறது. கறி தினமும் முடியாது என்பது எனக்கும் தெரியும். கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக் குடல், ஈரல், கால் ஆகியவற்றை நன்றாக வேகவைத்து, கால் எலும்பை உருவிவிட்டுப் போடலாம். முள் எடுத்த மத்தி மீன் நல்லது. அதுவும் இல்லாத நாளில் குழைய வெந்த பருப்பும் தயிரும் கை கொடுக்கும். பால் பல நாய்களுக்குக் கழிச்சலை உண்டாக்கும். தயிரும் மோரும் ஓரளவு ஒத்துக்கொள்ளும். மஞ்சள் தூள் ஒரு சிட்டிகை போட்டால் பாதகமில்லை. உப்பும் மிளகாயும் வேண்டாம். குடும்பத்துக்குக் குழம்பு கூட்டுவதற்கு முன்பே, வெந்த கறியில் நாயின் பங்கை எடுத்து வைத்துவிட்டால் இந்தப் பிரச்னையே இல்லை.

பரங்கிக்காய், கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றை வேகவைத்துப் பிசைந்து கொடுக்கலாம். வாழைப்பழம், விதை எடுத்த பப்பாளி, தர்ப்பூசணி ஒன்றிரண்டு துண்டு போதும். மாம்பழம் கொடுத்தால் கொட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; விழுங்கிவிட்டால் குடலில் அடைத்துக்கொள்ளும். இட்லி, வெள்ளைப் பணியாரம் தரலாம். வெங்காயம் வதக்கிப் போட்ட காரப் பணியாரம் ஆகாது. சாக்லேட், காபித்தூள், சர்க்கரை நோயாளிகளுக்கு என்று விற்கும் சைலிட்டால் சேர்ந்த மிட்டாய்கள் மூன்றும் விஷம். நிலக்கடலை கொஞ்சம் கொடுக்கலாம்தான். பூஞ்சணம் பிடித்த கடலையும் பிண்ணாக்கும் கூடவே கூடாது. அதிலுள்ள அஃப்ளடாக்சின் நாயின் ஈரலைக் கெடுத்துவிடும். மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பிண்ணாக்கை நாய்க்குக் கரைத்து வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள்.

ஆடு வளர்ப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது, கிடா வெட்டும் நாளில் வீசும் பச்சைக் குடலும் நுரையீரலும். ஈரல், நுரையீரலில் நீர்க்கட்டி இருந்து, அதை நாய் பச்சையாகத் தின்றால் அதன் குடலில் நாடாப்புழு வளரும். நாயின் சாணம் வழியாக முட்டைகள் மேய்ச்சலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் போய், ஆட்டுக்கும் நமக்கும் நீர்க்கட்டியாக வரும். நீர்க்கட்டி உள்ள உறுப்பை ஆழக் குழி தோண்டிப் புதையுங்கள். மற்றதை அரை மணி நேரம் கொதிக்கவைத்துப் போடுங்கள். நாடாப்புழுவுக்கான பிராசிகுவாண்டல் மாத்திரை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தின்னக் கூடாததைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத் தண்ணீரை வாயில் ஊற்றுவார்கள். அந்த உப்பே உயிரை எடுத்துவிடும். எண்ணெய் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய்விட்டால் அவரே ஊசி போட்டு வாந்தி எடுக்கவைக்க முடியும். எதைத் தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் ஒரு பாத்திரத்தில் எடுத்துப் போங்கள்.

நெற்குப்பை வாசகியின் குட்டிக்கு இப்போது இரண்டரை மாதம். அதற்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நாளைக்கு நான்கு வேளை வையுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு இரண்டு வேளை போதும். பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். போனை வைக்கும் முன் அவர் கேட்டார்: "கருவாட்டுத் தலை போடலாமா தம்பி? அதுக்கு உசுரையே விடுது." வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்து உப்பை வடித்து, முள்ளை எடுத்துவிட்டு, வாரத்துக்கு ஒருநாள் சதையை மட்டும் சோற்றில் பிசைந்து வையுங்கள் அக்கா. தலை வேண்டாம்.