மூச்சை விடக் கற்றுக் கொடுப்போம்

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள், நங்கநல்லூர் தர்மலிங்கேஸ்வரர் கோயிலின் தீர்த்தவாரி மூவரசம்பட்டு குளத்தில் நடைபெற்றது. நீரில் இறங்கியவர்களுள் ஐந்து இளைஞர்கள் மூழ்கி உயிரிழந்தனர். ஒருவர் ஆழத்தில் தடுமாற, அவரைக் காப்பாற்ற முனைந்தவர்களும் மூழ்கினர் என்று அன்றைய செய்திகள் கூறின. அது பகல் வேளை. கரையில் மக்கள் இருந்தனர். அப்படியிருந்தும் அந்த ஐவரையும் மீட்க இயலவில்லை.

சென்னையின் தென் புறநகர், ஏரிகளால் உருவான பகுதி. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை என்று ஊர்ப் பெயரைச் சொன்னாலே உடன் ஓர் ஏரியும் நினைவுக்கு வரும். திரிசூலம், பல்லாவரம் பக்கம் குன்றுகளைக் குடைந்து கல் எடுத்த பள்ளங்கள் இன்று ஆழமான கல்குட்டைகள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரிலும் மேற்கு தாம்பரத்திலும் தெருக்களில் படகு ஓடியதை நாம் பார்த்தோம். இத்தனை நீருக்கு நடுவே வாழும் நம்மில் எத்தனை பேருக்கு நீந்தத் தெரியும்?

2021-இல் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என்பது உலக சுகாதார அமைப்பின் மதிப்பீடு. பத்தில் ஒன்பது மரணங்கள் குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உள்ள நாடுகளில் நிகழ்கின்றன. இந்தியாவில் மட்டும் ஆண்டுதோறும் முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இவ்வாறு மாள்வதை தேசிய குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்கிறது. ஏழை நாட்டின் நீர், செல்வந்த நாட்டின் நீரைவிடக் கொடியதன்று. வேலி, மேற்பார்வை, பயிற்சி ஆகிய மூன்றும் இங்கே குறைவு என்பதே காரணம். இவற்றுள் பயிற்சியைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

பணி ஓய்வுக்குப் பின், மூட்டுவலிக்காக மருத்துவர் கூறிய அறிவுரையின்படி நீச்சல் கற்றவன் நான். முதல் வாரம் முழுவதும் பயிற்றுநர் கை வீச்சைப் பற்றியோ, கால் உதைப்பைப் பற்றியோ பேசவே இல்லை. முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை வெளியே விடச் சொன்னார், அவ்வளவுதான். அந்த வரிசை முறைக்குப் பின்னால் தெளிவான அறிவியல் இருக்கிறது.

மனித உடலின் அடர்த்தி ஏறத்தாழ நீரின் அடர்த்திக்குச் சமம். நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் மிதப்பர். ஆனால், மிதக்கும்போதும் உடலின் மிகச் சிறிய பகுதியே நீருக்கு மேலே நிற்கும். அந்தச் சிறிய பகுதி எது என்பதுதான் உயிர் காக்கும் கேள்வி. அச்சத்தில் கைகளை மேலே தூக்கினால் அவற்றின் எடை முகத்தை அமிழ்த்திவிடும். தலையை உயர்த்தினால் கால்கள் தாழும். மிதப்பைத் தரும் நுரையீரல் மார்பில் இருக்க, கனமான கால்கள் மறுமுனையில் இருப்பதால் உடல் ஒரு துலாக்கோலைப் போலச் சாய்கிறது. மாறாக, மல்லாந்து படுத்து, காதுகள் நீருக்குள் இருக்கும்படி தலையைச் சாய்த்தால் மூக்கும் வாயும் மேலே நிற்கும்.

அடுத்தது மூச்சு. சுவாசிப்பதை நாம் 'மூச்சு விடுதல்' என்கிறோம். களைத்துப் போய் இரைப்பதை 'மூச்சு வாங்குதல்' என்கிறோம். நீச்சலின் இலக்கணமே இந்த இரு வழக்குகளில் அடங்கியிருக்கிறது. மூச்சை அடக்கும்போது எழும் தவிப்பு, பெரும்பாலும் உடலில் கரியமில வாயு சேர்வதால் உண்டாவது. நீருக்குள் இருக்கும்போதே மூக்கின் வழியாகவும் வாயின் வழியாகவும் சீராகக் காற்றை விட்டுக்கொண்டே இருப்பவருக்கு, முகம் மேலே வரும் ஒரு கணத்தில் காற்றை உள்ளிழுப்பது மட்டுமே வேலை. அடக்கி வைத்திருந்தவரோ, அதே கணத்தில் பழைய காற்றை வெளியேற்றவும் வேண்டும். புதிய காற்றை இழுக்கவும் வேண்டும். இரண்டும் முடிவதற்குள் முகம் நீருக்குள் போய்விடும். நான்கைந்து முறை இவ்வாறு நிகழ்ந்தால் நல்ல உடல் வலிமை உள்ளவரும் திணறுவார்.

இந்த மூச்சுக்கு வழிவிடுவதற்காகவே கைகால்களின் ஒத்திசைவு அமைந்திருக்கிறது. ஃப்ரீஸ்டைல் எனப்படும் குப்புற நீச்சலில், ஒரு கை முன்னே நீளும்போது மற்றொரு கை நீரைப் பின்னே தள்ளுகிறது. அதற்கேற்ப உடல் பக்கவாட்டில் உருள்கிறது. அந்த உருளலோடு தலையும் திரும்ப, ஒரு காது நீரிலேயே இருக்க, வாய் மேலே வந்து காற்றைப் பெறுகிறது. முன்னேறும் தலை நீரை விலக்குவதால் முகத்தின் ஓரத்தில் சிறு பள்ளம் ஒன்று உண்டாகும். காற்று அங்கேயே கிடைப்பதால் தலையைத் தூக்க வேண்டியதில்லை. கால்கள் முழங்காலிலிருந்து அல்லாமல் இடுப்பிலிருந்து மாறி மாறி அசைந்து உடலைக் கிடைநிலையில் வைத்திருக்கின்றன.

தவளை நீச்சலில் வரிசை வேறு. கைகள் நீரை இழுக்கும்போது தலை தானாக மேலெழுகிறது. அப்போது மூச்சை உள்ளிழுக்க வேண்டும். கைகள் முன்னே நீள, முகம் தாழ, கால்கள் உதைக்கின்றன. பிறகு ஓரிரு கணம் எதுவும் செய்யாமல் வழுக்கிச் செல்ல வேண்டும். மூச்சை விடுவதற்குரிய நேரம் அது. கையும் காலும் ஒரே நேரத்தில் இயங்கினால் ஒன்றின் பயனை மற்றொன்று கெடுத்துவிடும்.

மாணவர்களுக்கு வயலையும் உரத்தையும் காட்டி நான் பல்லாண்டுகள் விளக்கிய குறைந்து செல் விளைவு விதியை நீரில் நேரடியாக உணரலாம். நீர், காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரு மடங்காக்கினால் நீரின் எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் ஆற்றல் எட்டு மடங்காகும். ஆதலால், பதற்றத்தில் வேகமாக அடித்துக்கொள்பவர் தம் ஆற்றல் முழுவதையும் சில நிமிடங்களில் செலவிட்டுவிடுகிறார். நிதானமாக நீந்துபவர் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கிறார்.

இதற்கு நம்மிடையே சான்றுகள் உண்டு. வல்வெட்டித்துறையைச் சேர்ந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971-இல் பாக் நீரிணையை இரு திசைகளிலும் நீந்திக் கடந்தார். சென்னைச் சிறுவன் குற்றாலீஸ்வரன் 1994-இல் தமது 12-ஆவது வயதில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். அதே ஆண்டில் மொத்தம் ஆறு நீரிணைகளை நீந்தி, மிஹிர் சென்னின் சாதனையை விஞ்சினார். பன்னிரண்டு வயதுச் சிறுவனின் தசை வலிமை மட்டும் அந்தக் கடலைக் கடத்தியிருக்காது; மூச்சோடு இசைந்த கைகால்களின் சீரான தாளமும் வேண்டும்.

மூச்சின் இன்றியமையாமையை மூழ்குபவரின் நிலையும் உணர்த்துகிறது. திரைப்படங்களில் வருவதுபோல அவர் கையை அசைத்துக் கூக்குரல் எழுப்புவது அரிது. குரலுக்கும் மூச்சுக்கும் ஒரே காற்றுதான். மூச்சுக்கே காற்று இல்லாதவருக்குக் குரல் எழாது. எனவேதான் ஆள்கள் சூழ்ந்திருக்கும் இடத்திலும் ஓசையின்றி உயிர் போய்விடுகிறது. அருகில் வருபவரை அவர் இறுகப் பற்றுவதும் இயல்பு. ஆகவே, பயிற்சி இல்லாதவர் நீரில் குதிக்கக் கூடாது. கயிறு, கழி, வேட்டி, காலி பிளாஸ்டிக் குடம் என எது கிடைத்தாலும் அதைக் கரையிலிருந்தே நீட்டவோ எறியவோ வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் கற்பித்தாலே, ஒரு மரணம் பல மரணங்களாகப் பெருகுவதைத் தடுக்கலாம்.

முன்பு சிற்றூர்களில் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி, இடுப்பில் கயிறு பிணைத்துக் கிணற்றில் இறக்கி நீச்சல் பழக்கினார்கள். கட்டணம் இல்லை; ஆசிரியர் மாமாவோ அண்ணனோதான். கிணறுகள் தூர்ந்தன, ஏரிகளில் கழிவுநீர் கலந்தது, அந்தக் கல்விமுறையும் மறைந்தது. இன்று அதன் இடத்தில் இருப்பது கட்டணப் பயிற்சி. வாங்கும் திறன் உள்ள வீட்டுக் குழந்தை அடுக்ககத்தின் நீச்சல் குளத்தில் கற்றுக்கொள்கிறது. அந்தத் திறன் இல்லாத வீட்டுச் சிறுவன் விடுமுறை நாளில் கல்குட்டைக்குப் போகிறான். பயன் சமூகம் முழுவதையும் சேரும் ஒரு திறனைச் சந்தையிடம் மட்டும் விட்டுவிட்டால் தேவையைவிடக் குறைவாகவே அது வழங்கப்படும் என்பது பொருளியலின் அரிச்சுவடி.

வங்கதேசம் இதற்கு ஒரு வழியைக் காட்டியது. கோடிக்கணக்கில் செலவிட்டு நீச்சல் குளம் கட்டாமல், ஊர்க்குளங்களிலேயே மூங்கில் மேடைகள் அமைத்து, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்து, அவர்கள் மூலம் சிறுவர்களுக்கு நீச்சல் கற்பித்தார்கள். கற்ற குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது வெகுவாகக் குறைந்ததை ஆய்வுகள் உறுதிசெய்தன. பள்ளி வயதுக் குழந்தைகளுக்கு அடிப்படை நீச்சலும் பாதுகாப்பான மீட்பு முறையும் கற்பிக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பும் பரிந்துரைக்கிறது.

1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டப்பட்ட வேளச்சேரி நீச்சல் வளாகம் நமக்கு அருகிலேயே இருக்கிறது. 2021-இல் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரம் மாநகராட்சி உருவானது. அதன் எல்லைக்குள் உள்ள அரசுப் பள்ளிகளின் ஆறாம் வகுப்பு மாணவர்களுக்கு, கோடை விடுமுறையில் சில வாரப் பயிற்சி அளிப்பது எட்டாத கனவன்று. இடுப்பளவு ஆழமுள்ள, இடம் மாற்றி அமைக்கத்தக்க தொட்டிகளே தொடக்கத்துக்குப் போதும். மாணவியருக்குப் பெண் பயிற்றுநர்களும் தனி நேரமும் வேண்டும்.

பாடத்திட்டமும் மிக எளியது. நீருக்குள் மூச்சை விடுதல், மல்லாந்து மிதத்தல், திரும்பிக் கரையைப் பற்றுதல், கரையிலிருந்தே பிறரைக் காத்தல். கை வீச்சும் கால் உதைப்பும் பதக்கமும் பிறகு வரட்டும். வரும் கல்வியாண்டின் கோடை விடுமுறைக்குள் ஒரே ஒரு மண்டலத்திலாவது மாநகராட்சி இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். மூவரசம்பட்டில் இழந்த ஐந்து இளைஞர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனில் அதுவே முதல் தவணை.