எந்த ஆண்டின் வண்டி? பழைய இரயில் மாதிரிகளும் வரலாற்று உண்மையும்

பிரிக்பீல்ட்சில் இரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த 'நூறு குவார்ட்டர்ஸ்' குடியிருப்பு இன்று இல்லை. வண்டிகளைப் பிரித்தும் கோத்தும் அனுப்பிய இரயில் முற்றம் இருந்த நிலத்தில் 2001ஆம் ஆண்டு முதல் கே.எல். சென்ட்ரல் நிலையம் இயங்குகிறது. அம்முற்றத்திலும் அதிலிருந்து பிரிந்த தடங்களிலும் உழைத்தவர்களுள் தமிழர் பலர். அவர்களுடைய கொள்ளுப்பேரர்கள் பள்ளிக் கண்காட்சிக்காக அட்டையிலும் மரத்திலும் ஒரு நீராவி வண்டியைச் செய்து வைக்கும்போது, அதைக் காணும் சிறுவர்க்கு அதுவே அக்காலத்தின் முதற்காட்சியாகிறது. காட்சி பிழையாயின் பிழையே நினைவாக நிலைத்துவிடும். ஆகவே, பழைய வண்டி ஒன்றன் மாதிரியை உண்மைக்கு நெருக்கமாகச் செய்ய எவ்வாறு ஆராய்வது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஆய்வின் முதற்கேள்வி 'எந்த வண்டி?' என்பதன்று, 'எந்த ஆண்டு?' என்பதே. கோலாலம்பூர்–கிள்ளான் தடத்தையே எடுத்துக்கொள்வோம். 1886இல் திறக்கப்பட்டபோது அத்தடம் ஆற்றுக்கு இப்பால் உள்ள புக்கிட் கூடாவோடு நின்றது. 1890இல் கன்னாட் பாலம் அமைந்த பின்னரே வண்டி ஆற்றைக் கடந்து கிள்ளான் நகருக்குள் சென்றது. போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901இல் திறக்கப்பட்டது. எனவே, 1888ஆம் ஆண்டைக் காட்டும் மாதிரியில் கிள்ளான் நகர நிலையத்தில் வண்டி நிற்குமாயின், வண்டியின் ஒவ்வோர் ஆணியும் சரியாக இருந்தாலும் காட்சி தவறானதே.

எஞ்சினுக்கும் இது பொருந்தும். கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் மலாயாவுக்குச் செய்தளித்த எஞ்சின்கள் தொடக்கத்தில் 'ஓ' வகுப்பு எனவும் பின்னர் '56' வகுப்பு எனவும் பெயர் பெற்றன. முதலில் நிலக்கரியால் இயங்கிய அவை 1950களில் எண்ணெயால் இயங்குமாறு மாற்றப்பட்டன. ஆகவே 1960ஆம் ஆண்டின் காட்சியில் அவ்வெஞ்சினின் பின்வண்டி மீது கரியைக் குவித்து வைப்பது பொருந்தாது. 1957இல் '20'ஆம் வகுப்பு டீசல் எஞ்சின்கள் வந்து சேர்ந்தன. அதன் பின் சில ஆண்டுகள் நீராவியும் டீசலும் ஒரே தடத்தில் ஓடின. கிள்ளான் பள்ளத்தாக்கின் தடங்களில் மின்தொடர் வண்டிகள் ஓடத் தொடங்கியது 1995இல்தான். தடத்தின் மேல் மின்கம்பி தெரிந்தால் அது நீராவிக் காலத்தின் காட்சியாகாது. வண்டியின் மேல் எழுதும் எழுத்தும் ஆண்டைச் சொல்லும்: 'கெரெத்தாப்பி தானா மெலாயு' என்னும் பெயர் 1962இல் வந்தது. அதற்கு முந்திய வண்டியின் மேல் அப்பெயரைப் பொறித்தல் ஆகாது.

அடுத்தது அளவு. மலாயாவின் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1,000 மில்லிமீட்டர். கடைகளில் மிகுதியாகக் கிடைக்கும் மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர், அது 87இல் ஒரு பங்காக்கப்பட்டது. 16.5ஐ 87ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,435 வரும். அது ஐரோப்பிய அகலம். நம் அகலம் அன்று. அதே விகிதத்தில் நம் தடத்துக்கு 11.5 மில்லிமீட்டரே வேண்டும். 12 மில்லிமீட்டர்த் தண்டவாளம் அதற்கு அணித்தானது. தண்டவாளத்தை அப்படியே வைத்து வண்டியை மட்டும் சரியாகச் செய்தால், குறுகிய தடத்தின் மேல் அகன்று நிற்கும் மலாயா வண்டியின் தோற்றமே மறைந்துவிடும். இக்கணக்கை ஆசிரியர்கள் வகுப்பில் விகிதப் பாடமாகவே நடத்தலாம்.

இனி, சான்றுகளை நோக்குவோம். கூட்டரசு மலாய் மாநிலங்களின் இரயில்வே ஆண்டறிக்கைகளை வெளியிட்டது. 1935இல், மலாயா இரயில்வேயின் 50 ஆண்டு வரலாற்றை நூலாகவும் தந்தது. வண்டிகள் எப்பொழுது வந்தன, எங்கே பயன்பட்டன என்பவற்றுக்கு இவை துணைபுரியும். எஞ்சின்களைச் செய்த நிறுவனத்தின் வரைபடங்கள் கிளாஸ்கோ நகரக் காப்பகங்களில் உள்ளன. எனினும், வரைபடம் செய்ய எண்ணியதைக் காட்டுமேயன்றி, இருபது ஆண்டு பழுதுபார்ப்புக்குப் பின் வண்டி எவ்வாறு இருந்தது என்பதைக் காட்டாது.

அதைக் காட்டுவது ஒளிப்படம். ஆனால் ஒளிப்படமும் ஏமாற்றும். பழங்காலப் படச்சுருள்களுள் ஒரு வகை சிவப்பு நிறத்தை உணராது. சிவப்பு வண்ணம் பூசிய பலகை அதில் கறுப்பாகத் தோன்றும், நீலம் வெளிறிப்போகும். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை மட்டும் பார்த்து வண்ணத்தை முடிவு செய்தல் கூடாது. படத்தை இடவலம் மாற்றி அச்சிட்டிருப்பதும் உண்டு. வண்டியின் எண் சரியாக வாசிக்க வருகிறதா என்று பார்த்தால் அது விளங்கும். அருங்காட்சியகத்திலும் பூங்காவிலும் நிற்கும் எஞ்சினின் நீள அகலத்தை நம்பலாம். வண்ணத்தை நம்புவதற்கு முன், அது எத்தனை முறை புதிதாகப் பூசப்பட்டது என்று வினவவேண்டும்.

சான்றுகளுக்கு இடையே பெரும் பள்ளமாக இருப்பது போர்க்காலம். சயாம் மரண இரயில் பாதைக்காக நம் கிழக்குக் கரைத் தடத்தின் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. வண்டிகளும் எஞ்சின்களும் கொண்டு செல்லப்பட்டன. அப்பாதையில் வேலை செய்ய மலாயாவிலிருந்து பல்லாயிரம் தமிழர் அனுப்பப்பட்டனர். 1945 மார்ச் 10ஆம் நாள் கோலாலம்பூரின் இரயில் வளாகத்தைக் குறிவைத்து வந்த நேசநாட்டு விமானங்களின் குண்டுகள் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியைத் தகர்த்தன. பின்னர் அவ்விடத்திலேயே 1963இல் தேசிய அருங்காட்சியகம் எழுந்தது. ஆகவே, 1941க்கு முந்திய வண்டிகளின் பட்டியலை எடுத்து 1946ஆம் ஆண்டின் காட்சியை அமைப்பவர், அவ்வண்டிகளுள் எவை திரும்பி வந்தன என்று தனியே தேடியாகவேண்டும்.

ஏட்டில் இல்லாததைச் சொல்லக்கூடியவர்கள் மூத்தோர். செந்தூல் பட்டறையிலும் பிரிக்பீல்ட்ஸ் முற்றத்திலும் பணியாற்றியவர்களின் பிள்ளைகள் இன்று முதியவர்கள். அவர்களிடம் 'வண்டி என்ன நிறம்?' என்று கேட்பதைவிட, 'அப்பா வேலையிலிருந்து வரும்போது சட்டையில் என்ன கறை இருந்தது?' என்று கேட்பது பயன் தரும். கரியா, எண்ணெயா என்பது அவ்விடையிலேயே தெரிந்துவிடக்கூடும். அவர்கள் சொல்லும் சொல்லையும் அப்படியே எழுதிக்கொள்ளவேண்டும். எண்ணெயில் ஓடிய எஞ்சினையும் பழக்கத்தால் ஒருவர் 'கரி எஞ்சின்' எனலாம். அச்சொல்லை நினைவுப் பிழை என்று ஒதுக்காமல், பொருள் மாறிய பின்னும் நிலைத்த வழக்காகக் கொள்வதே முறை. மொழியை அறிந்தவரே இச்சான்றைச் சரியாக எடைபோட வல்லவர். இப்பணியைத் தமிழாசிரியர்களின் பணியென நாம் கொள்வதும் இதனாலேயே.

இறுதியாக ஒன்று. மாதிரி செய்வோர் பெரும்பாலும் எஞ்சினோடு நிறுத்திக்கொள்கின்றனர். தடத்தைச் செப்பனிட்ட கூலிக்குழு, நிலைய அலுவலகத்தில் பதிவேட்டின் முன் அமர்ந்த யாழ்ப்பாணத்து எழுத்தர், மூன்றாம் வகுப்புப் பெட்டியில் மூட்டையோடு ஏறிய தோட்டக் குடும்பம் ஆகியோரும் அந்நாளின் உண்மையே. எஞ்சினுக்கு வேண்டிய அதே ஆராய்ச்சி அவர்களுடைய உடைக்கும் கருவிக்கும் வேண்டும்.

செய்து முடித்த மாதிரியின் அருகே ஒரு சிறு அட்டையை வைக்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். அதில் மூன்று பத்திகள் போதும்: சான்றோடு அறிந்தவை, சான்றிலிருந்து ஊகித்தவை, இன்னும் தேடவேண்டியவை. மூன்றாம் பத்தியைப் படித்த முதியவர் ஒருவர், "இதற்கு விடை எனக்குத் தெரியும், தம்பி" என்று முன்வரக்கூடும். அவ்வாறு வருவோரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறது. கேட்கவேண்டியதை இப்பொழுதே கேட்போமாக.