லில்லி பிரிட்ஜ் மைதானம்

மேற்கு லண்டனின் வெஸ்ட் பிராம்ப்டன் ரயில் நிலையத்தை ஒட்டி, 1860களின் பிற்பகுதி முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் லில்லி பிரிட்ஜ் என்ற விளையாட்டு மைதானம் இருந்தது. ஓட்டம், கிரிக்கெட், சைக்கிள் பந்தயம், குத்துச்சண்டை எல்லாம் நடந்தன.

1873 மார்ச் 29 அன்று வாண்டரர்ஸ் அணிக்கும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அணிக்கும் இடையிலான எஃப்.ஏ. கோப்பை கால்பந்து இறுதி ஆட்டம் இங்கேதான். அன்றே தேம்ஸ் நதியில் ஆக்ஸ்ஃபோர்டு–கேம்பிரிட்ஜ் படகுப் போட்டியும் இருந்ததால், ஆட்டத்தைக் காலையிலேயே தொடங்கிவிட்டார்கள். லண்டன்காரர்களுக்கு எது பெரிய திருவிழா என்பதில் சந்தேகமே இல்லை! ஒரு கோல் பின்தங்கி, கோல் போட்டே ஆக வேண்டிய அவசரத்தில் ஆக்ஸ்ஃபோர்டு அணி தன் கோல்காப்பாளரையும் முன்னால் அனுப்பியது. காலியாகக் கிடந்த கோலில் வாண்டரர்ஸ் இரண்டாவது கோலையும் அடித்து 2–0 என வென்றது. 1876இல் உயரம் தாண்டுதல் வீரர் மார்ஷல் புரூக்ஸ் 6 அடி 2½ அங்குலம் உயரம் தாண்டியதும் இதே மண்ணில்.

1887 செப்டம்பரில் ஹட்சின்ஸ், ஜென்ட் என்ற இரு தொழில்முறை ஓட்டக்காரர்கள் மோதுவதாக அறிவிப்பு. பந்தயப் பணம் ஏராளமாகப் புரண்டது. கடைசியில் இருவருமே ஓடவில்லை. கட்டணம் கொடுத்து வந்த கூட்டம் கொதித்தெழுந்து, வேலியைப் பிடுங்கி, கட்டடங்களுக்குத் தீ வைத்தது. மறு ஆண்டே மைதானம் மூடப்பட்டது. தடகளப் போட்டிகளுக்கு, அருகில் 1877இலேயே திறக்கப்பட்டிருந்த ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் இருந்தது; இன்று அது செல்சி கால்பந்து அணியின் மைதானம்.