சக்கரத்தில் ஒரு வீடு – 6: தண்ணீர் போன பாதை

பழைய டிரெய்லர் பார்க்கப் போகிறவர்கள் முதலில் டயரை எட்டி உதைப்பார்கள். பிறகு உள்ளே ஏறி, அடுப்பு எரிகிறதா, ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று கேட்பார்கள். இந்த மூன்றும் கடையில் கிடைக்கிற சாமான்கள். காசைக் கொடுத்தால் மாற்றிவிடலாம். பார்க்க வேண்டிய இடங்கள் வேறு. கூரையும் சுவரும் சேரும் மூலை, ஜன்னலுக்குக் கீழே ஒரு சாண் அகலம், வாசலில் கால் வைக்கிற தரை. தண்ணீர் குடியிருப்பது அங்கேதான்.

கட்டைவிரலே போதும். நல்ல பிளைவுட் அழுத்தினால் அசையாது, ஊறிப்போனது உள்வாங்கும். சந்தேகம் தீரவில்லை என்றால், விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, அலமாரிக்குள் கண்ணில் படாத ஓரமாகக் குத்தூசியால் ஒரு குத்து. உள்ளே புதுப் பெயின்ட் அடித்து, பூப்போட்ட திரையெல்லாம் மாட்டி வைத்திருந்தால் இரண்டு மடங்கு கவனம் தேவை. ஒழுகல் கறையை மறைக்கப் பெயின்டைவிட மலிவான வழி இல்லை.

அப்புறம் மூக்கு. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போனால் ஈர நெடி தானாகவே சொல்லிவிடும். கண் எரிந்தால் அது வேறு கதை. 2005-இல் கத்ரீனா புயலில் வீடிழந்தவர்களைத் தங்கவைக்க, ஃபீமா என்கிற அமெரிக்க மத்திய அரசின் பேரிடர் அமைப்பு டிரெய்லர்களை வாங்கிக் குவித்தது. குடியேறியவர்களுக்குக் கண் எரிச்சல், மூச்சுத் தொந்தரவு. 2008-இல் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 519 வண்டிகளைச் சோதித்ததில், உள்காற்றில் ஃபார்மால்டிஹைடு சராசரியாக நூறு கோடிக்கு 77 பங்கு இருந்தது. சாதாரண வீடுகளில் இருப்பதைவிடப் பல மடங்கு. மரத்தூள் பலகைகளை ஒட்டிய பசையிலிருந்து வந்த ஆவி அது. அந்த வண்டிகளை அரசு பிறகு ஏலம் விட்டது, 'வீடாகப் பயன்படுத்தக் கூடாது' என்று ஸ்டிக்கர் ஒட்டி. 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் கொட்டியபோது, துப்புரவுக்கு வந்த தொழிலாளர்கள் சிலர் அவற்றில்தான் படுத்துத் தூங்கினார்கள். ஸ்டிக்கர் கிழிக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எங்கள் வண்டி அதற்கெல்லாம் மூத்தது. 1960-களின் நடுவில் செய்த 15 அடி டிரெய்லர், விலை 800 டாலர். பக்கவாட்டில் பார்த்தால் பன்றித் தொடைக்கறி அடைத்து வரும் டின் மாதிரி இருப்பதால், இந்த வகைக்கு அமெரிக்காவில் 'கேன்டு ஹாம்' என்றே பெயர். "ஒரு சொட்டுக்கூட ஒழுகாது" என்று சொல்லித்தான் அதை எங்களுக்கு விற்றார் ஒரு விவசாயி. அவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் இருந்த காலம் முழுக்க அது தானியக் கொட்டகைக்குள்ளேயே நின்றிருக்கிறது.

இந்த வகை டிரெய்லர் கட்டப்பட்ட விதம் தெரியாமல் கை வைக்கக் கூடாது. எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பெரியவர் ஒருவர் வாலிபத்தில் எல்க்ஹார்ட்டில் டிரெய்லர் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இண்டியானா மாநிலத்தில் இருக்கிற அந்த ஊரும் சுற்றுப்புறமும்தான் இன்றைக்கும் அமெரிக்காவின் டிரெய்லர்களில் பெரும்பகுதியைச் செய்கின்றன. அவர் விளக்கியது இது: வீட்டுக்குச் சுவர் எழுப்பிவிட்டு உள்வேலை பார்ப்பார்கள், இதை உள்ளிருந்து வெளியே கட்டினார்கள். இரும்புச் சட்டத்தின் மேல் தரை. அதன்மேல் அலமாரி, கட்டில், ஒரு நூல் கனத்தில் பிர்ச் பிளைவுட் உள்சுவர். அந்தச் சுவரின் முதுகில் ஒன்றுக்கு இரண்டு அங்குல ரீப்பர் கட்டைகள், மின்கம்பி, கண்ணாடி நார்ப் பஞ்சு. அலுமினியத் தகடு போர்த்துவது கடைசியில். கூரைத் தகடும் சுவர்த் தகடும் சந்திக்கும் வளைவில் புட்டி வைத்து, மேலே ஓர் அலுமினியப் பட்டியைப் பதித்து, வரிசையாக ஸ்க்ரூ முடுக்கிவிடுவார்கள். மழைக்குக் காவல் அவ்வளவுதான்.

புட்டி வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. ஸ்க்ரூ துருப்பிடிக்கிறது. தண்ணீர் அந்த ஸ்க்ரூவின் மரையைப் பிடித்துக்கொண்டே உள்ளே இறங்கி நேராகக் கட்டைக்குப் போகிறது. உள்சுவரில் கறை தெரிவதற்குள் கட்டை பாதி போயிருக்கும். அதனால் உள்சுவரைப் பிய்த்து ரிப்பேர் பார்ப்பது வீண் வேலை. கட்டிய வரிசைக்குத் தலைகீழாக, வெளித்தகட்டிலிருந்து உரிக்க வேண்டும்.

முதல் தடை சிலிக்கான். ஒழுகியபோதெல்லாம் யாரோ அந்தப் பட்டியின் மேலேயே சிலிக்கானைப் பிதுக்கிவிட்டிருந்தார்கள். அதன்மேல் புதிதாக எதை வைத்தாலும் ஒட்டாது, புது சிலிக்கான்கூட. கீழ்விளிம்பிலும் பூசியிருந்ததால், மேலே எப்படியோ நுழைந்த தண்ணீருக்கு வெளியேற வழி இல்லாமல் போயிருக்கிறது. பிளாஸ்டிக் சுரண்டியால் அதை எடுத்து முடிப்பதற்குள் விரல் நுனி மரத்துவிட்டது.

முன்பக்கத் தகட்டை விலக்கியபோது ஜன்னலுக்குக் கீழே குறுக்குக் கட்டையையே காணோம். அதில் அடித்த ஸ்டேப்ளர் பின்கள் மட்டும், துருவேறி, தகட்டின் ஓரத்தில் வரிசை குலையாமல் தொங்கிக்கொண்டிருந்தன. கட்டை இருந்த இடத்தில், காப்பி வடிகட்டிய சக்கைபோல ஏதோ ஈரமாக உதிர்ந்தது. பஞ்சுக்குள் எலி குடும்பம் நடத்திய தடயம் வேறு. பின்னால் நின்ற என் மனைவி கேட்டாள்: "ஏங்க, இதுல வண்டி எது, குப்பை எது?"

கறையைப் பின்தொடர்ந்து போனால், ஒழுகல் ஜன்னலில் இல்லை. கூரை மூலையில் இருக்கும் சின்ன விளக்கின் ஸ்க்ரூ துளையில் ஆரம்பித்து, வளைந்த விலாக்கட்டையின் முதுகு வழியாகவே இறங்கி, நாலடி தள்ளிக் கீழே தேங்கியிருக்கிறது. ஜன்னலைச் சுற்றிப் பூசிய சிலிக்கான் அத்தனையும் வேறு வியாதிக்கு மருந்து.

இற்றுப்போன கட்டைகளை உடனே குப்பையில் போடாதீர்கள் என்று பெரியவர் முன்பே எச்சரித்திருந்தார். வரைபடம் கிடையாது, அந்த மக்கல்தான் வரைபடம். உடைந்த வளைவுத் துண்டுகளைப் புது பிளைவுட்டின் மேல் அடுக்கி, காகித டேப் ஒட்டிச் சேர்த்து, பென்சிலால் சுற்றி வரைந்து அறுத்தோம். எல்லாக் கட்டையையும் ஒரேயடியாகக் கழற்றவும் கூடாது. ஒன்றை எடுத்து, புதியதைப் பொருத்திய பிறகுதான் அடுத்தது. இல்லாவிட்டால் சுவர் கோணிக்கொள்ளும். கடைசியில் கதவு சாத்தாது.

உள்சுவரில் மாற்றிய துண்டுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. பழைய சுவரின் தேன் நிறம் வர, ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சள் அரக்கைத்தான் டிரெய்லர் புதுப்பிப்பவர்கள் பூசுகிறார்கள். உலகுக்கு அரக்கு தருகிற நாடுகளில் இந்தியா முக்கியமானது; ஜார்க்கண்டில்தான் விளைச்சல் அதிகம். நம் ஊர் ஆசாரிகள் பிரெஞ்ச் பாலிஷ் போடும் அதே சரக்கை, ஒஹையோவில் டப்பாவில் வாங்கிப் பூசினேன். மூன்றாவது பூச்சில் நிறம் சேர்ந்துகொண்டது.

ஏர்ஸ்ட்ரீம் வாங்கியிருந்தால் இந்த வம்பு இல்லையே என்று பலரும் கேட்கிறார்கள். கிளைடர் விமானம் செய்த ஹாலி போலஸ் 1934-இல் ரிவெட் அடித்த அலுமினிய டிரெய்லரைச் செய்தார். அந்த வழியில் வாலி பயம் 1936-இல் ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரைக் கொண்டுவந்தார். சுவரில் மரம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தரை பிளைவுட். பழைய ஏர்ஸ்ட்ரீம்களில் பின்மூலையில் நீர் இறங்கி, தரை இற்று, அலுமினியக் கூடும் இரும்புச் சட்டமும் தனித்தனியாகப் பிரிந்துவிடுவது பேர்போன நோய். அதற்கு அந்தக் கூட்டையே தூக்கி வைத்துவிட்டு வேலை பார்க்கிறார்கள். பளபளப்புக்குக் கூடுதலாகப் பணம் கொடுத்து, அதே மக்கல்.

தகட்டைத் திரும்பப் போர்த்தும்போது புட்டிக்குப் பதில் பியூட்டைல் டேப் வைத்தோம். இது இறுகாது, தகடு அசைந்தால் கூடவே இழுபடும். துரு ஸ்க்ரூ எல்லாம் போய் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வந்தது. பிறகு பரீட்சை. மழைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கூரையில் இருக்கும் 14 அங்குலக் காற்றுத் துளையில் ஒரு விசிறியை உள்நோக்கி வைத்து, மற்றதை எல்லாம் அடைத்து, வெளியே தையல் தையலாகச் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். உள்காற்று எங்கே தப்புகிறதோ அங்கே நுரை கிளம்பும். மூலை விளக்குகளில் ஒன்றுமில்லை. பின்னால் நம்பர் பிளேட் விளக்கின் கம்பி நுழையும் துளையில் மட்டும் நுரை பொங்கிக்கொண்டே இருந்தது. விளக்கைக் கழற்றி, டேப் வைத்து மறுபடி முடுக்கினோம்.

இனி அடிப்பாகம். டயரின் வரிப்பள்ளம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கம் 3209: 2009-ஆம் வருடத்து 32-ஆவது வாரம். இவ்வளவு பழைய டயரை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் ஏற முடியாது. டயரோடு சேர்த்து அச்சையும் பிரேக்கையும் அடுத்த வாரம் கழற்றுகிறோம்.

(தொடரும்)